கல்லூரிக் கால்பந்துக் கதையை யார் வாயால் சொல்வது?

கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கல்லூரி அணி ஒன்றை வைத்து நாவலோ நீள்கதையோ எழுத உட்காருகிறவர் முதலில் ஆளைப் பிடிக்க வேண்டும். கதை சொல்லப்போவது ஃபார்வர்டா, கீப்பரா, பெஞ்சில் இருக்கும் பையனா, கோடு போடுகிற மார்க்கர் அண்ணனா, இடது ஓரத்தில் தடுத்து ஆடுகிற இடது பேக்கா? இதைத் தள்ளிப்போட்டுவிட்டு எழுத ஆரம்பித்தால் முப்பதாவது பக்கத்தில் கதை நின்றுவிடும். மைதானத்தில் நிற்கும் பதினொரு பேருக்கும் ஆட்டம் ஒன்றாகத் தெரிவதில்லை. நிற்கிற இடத்துக்குத் தக்கபடி வெயில் வேறு, காற்று வேறு, காதில் விழும் திட்டும் வேறு.

ஒப்பிட வசதியாக ஒரே ஒரு கோலை எடுத்துக்கொள்வோம். கல்லூரிகளுக்கு இடையிலான நாக் அவுட் ஆட்டம். ஆடி மாதம், சாயங்காலம் 4 மணிக்கு விசில். மைதானம் தெற்கு வடக்காக நீண்டிருக்கிறது. கீப்பர்கள் கண்ணில் சூரியன் நேராக அடிக்கக் கூடாது என்பதால் இடம் இருந்தால் அப்படித்தான் போடுவார்கள். மேற்குக் கோட்டுக்கு வெளியே வேப்பமரமும் இரு அணிகளின் பெஞ்சும். கிழக்குக் கோட்டை ஒட்டி ஹாஸ்டல் காம்பவுண்ட் சுவர், அதன்மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும் பையன்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மேற்கேயிருந்து கிழக்கே, மைதானத்துக்குக் குறுக்காக வீசுகிறது. தென்னை மட்டையெல்லாம் கிழக்குப் பக்கமே சாய்ந்து கிடக்கும் காலம் அது.

நம் அணி முதல் பாதியில் வடக்கு நோக்கி ஆடியது. இரண்டாம் பாதியில் தெற்கு நோக்கி ஆடுகிறது, அதாவது வடக்குக் கோலைக் காக்கிறது. 61வது நிமிடம். எதிரணி மேற்கு ஓரத்திலிருந்து கிழக்கு ஓரத்துக்கு ஒரு நீளப் பந்தைத் தூக்குகிறது. பின்னாலிருந்து காற்று தள்ளுவதால் பந்து நினைத்ததைவிடப் பத்து அடி அதிகம் போகிறது. அண்ணாந்து பார்த்த இடது பேக்கின் கண்ணில் மேற்குச் சூரியன். பந்து தலைக்கு மேலே போய், வலது ஓரத்தில் ஏறி ஆடும் எதிரணி ரைட் விங்கரிடம் விழுகிறது. அவன் கோல் முன்னால் தூக்கி அடிக்கிறான். இப்போது பந்து காற்றை எதிர்த்துப் போகிறது. தூரப் போஸ்ட்டுக்குப் போகும் என்று கணக்குப் போட்டுக் கீப்பர் இரண்டு எட்டு நகர்ந்துவிட்டான். பந்து நடுவானத்தில் நின்று, கிட்டப் போஸ்ட்டிலேயே இறங்குகிறது. ஒரு தலை. கோல்.

இதைச் சொல்ல ஐந்து பேர் இருக்கிறார்கள்.

ஃபார்வர்ட்

எழுதுகிறவர்கள் அதிகம் தேர்ந்தெடுப்பது இவனைத்தான். கோல் அடிக்கிறவன், போஸ்டரில் படம் வருகிறவன், கேன்டீனில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறவன். ஆனால் மேலே சொன்ன கோல் விழும்போது இவன் நடுக்கோட்டுப் பக்கம் இடுப்பில் கை வைத்து நிற்கிறான். ஐம்பது மீட்டர் தள்ளி வலை ஆடுவது மட்டும் தெரியும். யார் தப்பு என்று தெரியாது. அடுத்த நிமிடம் வட்டத்துக்குள் வந்து கிக் ஆஃப் எடுக்க வேண்டும். தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் ஒருவன் காலில் பந்து இருப்பது எல்லாம் சேர்த்தால் இரண்டு மூன்று நிமிடம். மீதி நேரம் இவன், தன்னைத் தடுக்க நிற்கும் எதிரணி ஸ்டாப்பரோடு முழங்கையால் பேசிக்கொண்டிருப்பான். அதை எத்தனை பக்கம் எழுத முடியும்?

ஒரே ஒரு கதைக்கு இவன்தான் சரி: செவன்ஸ் கதை. கோவையிலிருந்து பாலக்காடு ஐம்பது கிலோமீட்டர். மழை ஓய்ந்த பிறகு கோடை வரை அந்தப் பக்கமும் மலப்புரத்திலும் ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டிகள் ராத்திரியில் விளக்கு போட்டு நடக்கும். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் கணக்கில் வராத ஆட்டம், கையில் காசு வரும் ஆட்டம். ஞாயிறு ராத்திரி அங்கே ஆடிவிட்டு, திங்கள் விடியால ஹாஸ்டல் கேட்டில் வாட்ச்மேனிடம் கெஞ்சி, வீங்கின முட்டியோடு முதல் பீரியடில் உட்காருகிறவன் ஃபார்வர்டாகத்தான் இருப்பான். கூப்பிடுவது கோல் அடிக்கிறவனைத்தானே. அந்த முட்டியைக் கல்லூரி அணியின் பி.டி. சாரிடமிருந்து எப்படி மறைக்கிறான் என்பதிலேயே கதை ஓடும். கதை அதுவென்றால் தயங்காமல் இவனை எடுங்கள்.

கீப்பர்

இருபத்தோரு பேரையும் முன்னால் வைத்துப் பார்க்கிற ஒரே ஆள். 'மேன் ஆன்', 'டர்ன்', 'அவே', 'லைன் ஏறு' என்று நாள் முழுக்கக் கத்துகிறவன். சரளைக் கல் மைதானத்தில் டைவ் அடித்து இடுப்பெலும்பில் காசு அகலத்துக்குத் தோல் போனவன். அந்தச் சிராய்ப்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, மணலை ஒவ்வொன்றாக எடுக்காமல் படுத்தால் காலையில் பெட்ஷீட்டோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றி ஊறவைத்துத்தான் பிரிக்க வேண்டும். இப்படி ஒரு காலை நேரம் ஹாஸ்டல் அறைக்கு ஐந்து பக்க வர்ணனையைவிட அதிகம் செய்யும்.

ஆட்டம் சமனில் முடிந்தால் மாறி மாறிப் பெனால்டி உதைக்கும் டை பிரேக்கரை மையமாக வைத்த சிறுகதைக்கு இவனை மிஞ்ச ஆளில்லை. பந்துக்கும் கோலுக்கும் 11 மீட்டர் தூரம், கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். உதைக்கிற நொடியில் கீப்பரின் ஒரு காலின் ஒரு பகுதியாவது கோல் கோட்டின்மேலோ அதற்குப் பின்னாலோ இருக்க வேண்டும். செம்மண்ணில் அந்தக் கோடு அழிந்து போயிருந்தால் கீப்பரே பூட் முனையால் கீறிக்கொள்வான். அந்தக் கீறல் ஒரு நல்ல படம்.

நாவலுக்கு இவனைச் சிபாரிசு செய்யத் தயக்கமாக இருக்கிறது. கீப்பர் கதை எந்தப் பக்கம் ஆரம்பித்தாலும் ஒரு தப்பில் போய் முட்டி, குற்ற உணர்ச்சியில் உட்கார்ந்துவிடுகிறது. இடையில் இருபது நிமிடம் பந்தே வராது. அந்த வெற்றிடத்தை நிரப்ப எழுதுகிறவர் தத்துவம் பேச ஆரம்பித்துவிடுவார். கீப்பரை எடுத்தால் கதை நடக்கும் வருடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலையில் விதி மாறியது: பந்தைக் கையில் 8 நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர், கடைசி ஐந்து நொடியை ரெஃபரி விரல் காட்டி எண்ணுவார். அதற்கு முன்பு 6 நொடி, மீறினால் இன்டைரக்ட் ஃப்ரீ கிக். 2023இல் நடக்கும் கதையில் கார்னர் கொடுத்தால், விஷயம் தெரிந்த வாசகர் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

பெஞ்சில் இருப்பவன்

மேற்குக் கோட்டு வேப்பமரத்தடியில் இவனுக்குக் கேட்பது வேறு யாருக்கும் கேட்காது. பி.டி. சார் வாய்க்குள் முனகுவது, மேனேஜராக வந்த லெக்சரர் போனில் பேசுவது, எதிரணி பெஞ்சில் நடக்கும் சண்டை. அணியின் காகிதம் முழுக்க இவன் கையில்தான் வந்து சேரும்: தகுதிப் படிவம், ஐடி கார்டு, போட்டிக்குப் போன நாளுக்கு வருகை கேட்கும் ஓடி லெட்டர். ஐஸ் பை, க்ரேப் பேண்டேஜ், குளுக்கோஸ் பாக்கெட், காற்றடிக்கும் பம்ப், ஊசி எல்லாம் இவன் பையில். பந்து வால்வுக்குள் ஊசியை எச்சில் தொட்டுச் செருக வேண்டும், காய்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிடும் என்பது தெரிந்தவன் இவன்.

61வது நிமிடக் கோல் இவனுக்கு என்ன செய்கிறது என்பதுதான் சங்கதி. வலை ஆடியதும் சார் திரும்பிப் பார்க்காமலே, "ஜெர்சிய மாத்துடா" என்கிறார். தன் அணி வாங்கின கோல்தான் தன்னை உள்ளே விடுகிறது. சந்தோஷப்பட்டதற்கு அந்த நொடியே வெட்கப்படுகிறான். ஆட்டத்தின் மற்ற எந்த இடத்திலும் கிடைக்காத கலவை இது. இருபது முப்பது பக்கத்துக்குள் முடிகிற கதை என்றால் இவனையே எடுக்கலாம்.

நீண்டால் கசக்கும். மூன்று வருடம் வெளியில் உட்கார்ந்தவன் சொல்லும் நாவல் புகார்ப் பட்டியலாக மாறிவிடும் ஆபத்து அதிகம். பெஞ்சின் உயரத்திலிருந்து பார்த்தால் தூரக் கோட்டில் நடப்பதன் அளவும் தெரியாது. சூரியன் கண்ணில் அடித்ததால் இடது பேக் ஏமாந்தான் என்பது இவனுக்குத் தெரியவே தெரியாது. ஆள் தூங்கிவிட்டான் என்றுதான் நினைப்பான்.

மார்க்கர் அண்ணன்

பி.டி. டிபார்ட்மென்ட்டில் கோடு போட்டு, வலை கட்டி, பந்து எண்ணி வாங்கி வைக்கும் பணியாளர். மாணவன் மூன்று வருடத்தில் போய்விடுவான். இவர் இருபது பேட்ச் பார்த்தவர். யாருடைய பூட்டை யார் போட்டு ஆடினார்கள், எந்த கேப்டன் இப்போது எந்த பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் என்று எல்லாம் தெரியும். 2019 மார்ச்சில் கோவை நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை வென்று சென்னை சிட்டி அணி ஐ லீக் பட்டம் வாங்கிய சாயங்காலத்துக்கு எந்த எந்தப் பையன்கள் கிளாஸை விட்டுவிட்டுப் போனார்கள் என்பதையும் இவரால் சொல்ல முடியும்.

வேலையை நெருக்கமாகக் காட்ட வேண்டுமா, இவரிடம் வாருங்கள். 100 மீட்டர் நீளம், 65 மீட்டர் அகல மைதானத்தில் எல்லாக் கோட்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட 700 மீட்டர் வரும். மூலை நேராக அமையக் கயிற்றில் 3, 4, 5 மீட்டருக்கு முடிச்சுப் போட்டு முக்கோணம் பிடிப்பார்கள். நடு வட்டத்துக்கு ஆணி அடித்து 9.15 மீட்டர் கயிறு. ஆடிக் காற்றில் வெறும் மண்ணில் மாவைப் போட்டால் அரை மணியில் ஹாஸ்டல் சுவர் வெள்ளையாகிவிடும். முதலில் தண்ணீர் தெளித்து, ஈரத்தின்மேல் கோலமாவு. நீற்றாத சுண்ணாம்பைப் போடவே கூடாது. வேர்வையோடு அதில் விழுந்த கீப்பரின் தோல் வெந்துபோகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அது தெரிந்து கோலமாவு கேட்டு நிற்கிற மார்க்கருக்கும், பில் குறைய வேண்டும் என்கிற ஆபீசுக்கும் நடக்கும் இழுபறி ஒரு தனி அத்தியாயம்.

ஆனால் பொழுதோட ஆறரைக்கு ஸ்டோர் ரூமைப் பூட்டிவிட்டு இவர் வீட்டுக்குப் போய்விடுவார். ஹாஸ்டல் ராத்திரி, மெஸ் வரிசை, அரியர் பயம், காதல் எதுவும் இவர் கண்ணில் நேராகப் படாது. துணைப் பாத்திரமாக வைத்தால் பொன். கதைசொல்லியாக வைத்தால் பாதிக் கல்லூரி இருட்டில் போய்விடும்.

இடது பேக்

நாவலுக்கு இவன்தான். மைதானத்தையே மறுபடி பாருங்கள், காரணம் அங்கேயே இருக்கிறது.

முதல் பாதியில் வடக்கு நோக்கி ஆடும்போது இவன் இடது கை மேற்கு. அதாவது சொந்த பெஞ்சின் மூக்குக்கு முன்னாலேயே 45 நிமிடம். சார் ஒவ்வொரு எட்டுக்கும் திட்டுவார். காற்று முதுகிலிருந்து வரும். வெளியே போன பந்தைக் கோட்டிலிருந்து கையால் எறிகிற த்ரோ, கோல் முன்னாலுள்ள பெனால்டி பாக்ஸ் வரை போகும். வெயில் பின்னால். எல்லாம் சாதகம், வாய் திறக்க மட்டும் வழியில்லை.

இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறும்போது இவன் கோடும் மாறுகிறது. இப்போது கிழக்கு, ஹாஸ்டல் சுவருக்கு அடியில். அதே கை, அதே பந்து. காற்றுக்கு எதிரே எறிவதால் த்ரோ பாதி தூரத்தில் விழுகிறது. ஆட்டத்தைப் பார்க்கத் திரும்பினால் ஐந்து மணிச் சூரியன் நேராகக் கண்ணில். தலைக்கு மேலே ரூம்மேட்டுகளின் கத்தல். மேற்கே 65 மீட்டர் தள்ளியிருக்கும் சாரின் குரலைக் காற்று கொண்டுவந்து சேர்க்கிறது: "டேய், ஆள உட்டுப்போட்டு எங்கடா பாக்கற?" இவன் பதிலுக்குக் கத்தினால் அந்தக் காற்றே அதைத் திருப்பி இவன் வாயில் அடைத்துவிடும். திட்டு வந்து சேரும், விளக்கம் போய்ச் சேராது. ஒரே ஆட்டத்துக்குள் அதிகாரத்தின் முன்னால் ஒரு பாதி, ஊரின் முன்னால் ஒரு பாதி. ஃபார்வர்டுக்கோ கீப்பருக்கோ இந்த இடமாற்றம் கிடையாது.

கோடு ஒரு பக்கம் இருப்பதால் மீதி மைதானம் முழுக்க இவன் பார்வைக்குள் இருக்கிறது. த்ரோ எடுக்கப் பந்தைத் துடைக்கும் நாலு நொடியில் கதைசொல்லிக்கு மூச்சு விட, ஒரு முகத்தைப் பார்க்க, ஒரு ஞாபகத்தைச் சொல்ல இடம் இருக்கிறது. கோல் அடிக்காதவன் என்பதால் தற்பெருமைக்கு வழியில்லை. இடது காலன்கள் குறைவு என்பதால் பல கல்லூரி அணிகளில் வலது காலன் ஒருவனையே அங்கே தள்ளிவிடுவார்கள். அவன் முதல் வருடம் முழுக்க ஒவ்வொரு பந்தையும் உள்பக்கம் திருப்பி வலது காலுக்குக் கொண்டுவந்து அடிபடுவான். இடது காலைப் பழக்குவதே கதையின் முதுகெலும்பாக நிற்கும். விடியால ஐந்தரைக்கு ஹாஸ்டல் சுவரில் இடது காலால் மட்டும் பந்தை உதைக்கிற சத்தம் வார்டனை எழுப்பிவிடும்.

61வது நிமிடம் இவனை என்ன செய்கிறது? சார் இவனை மாற்றுகிறார். இங்கே ஒரு விதி எழுத்தாளருக்குக் கை கொடுக்கிறது. மாற்றப்படுகிறவன் எல்லைக்கோட்டில் தனக்கு மிகப் பக்கமான இடத்தில் வெளியேற வேண்டும் என்று 2019இல் விதி வந்தது. அதற்கு முன்பு நடுக்கோட்டுக்கு நடந்து போய், உள்ளே வருகிறவனோடு கை தட்டிவிட்டு வெளியேறுவது வழக்கம். இப்போது இவன் கிழக்குக் கோட்டில், சுவரடியிலேயே வெளியே காலை வைக்கிறான். பிறகு மைதானத்தைச் சுற்றிக்கொண்டு, சொந்தக் கோலின் பின்னால் நடந்து, மேற்கு பெஞ்சுக்குப் போக வேண்டும். 150 மீட்டருக்குக் குறையாது.

முதலில் சுவர்மேல் பையன்கள். நேற்று வரை தோளில் கை போட்டவர்கள். அப்புறம் வலைக்குப் பின்னால். "சத்தம் குடுத்தனே மாப்ள, கேக்கலயா?" என்று திரும்பாமலே கேட்கிற கீப்பர். மூலைக் கொடியருகே உட்கார்ந்திருக்கிற மார்க்கர். "மேக்க பாத்துத் தூக்குன பந்து இந்தக் காத்துல நின்னுதானுங்க தம்பி உழுகும்." "தெரியாமப் போச்சுங்ணா." அவ்வளவுதான் பேச்சு. நாவலை இந்த நடையில் தொடங்கலாம். மற்ற நாலு பேரையும் அறிமுகம் செய்ய இதைவிட நேரான வழி இல்லை.

ஹாஸ்டலும் கிளாஸும்

ஆளை முடிவு செய்ததும் அவன் காலண்டரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்தால், 75 சதவீத வருகைக்கு 68 நாள் கிளாஸில் இருக்க வேண்டும். கைவசம் 22 நாள். போட்டி, அதற்கு முந்தைய கேம்ப், பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானால் அதன் கேம்ப், பயணம் என்று போனால் 22 எங்கே போனது என்றே தெரியாது. ஓடி லெட்டரில் பி.டி. சார், கிளாஸ் அட்வைசர், எச்.ஓ.டி. என்று கையெழுத்து சேரச் சேர உரசல் பிறக்கும். அண்ணா பல்கலைக்கழக விதியில் 65க்கும் 75க்கும் இடையே இருப்பவர்கள் மருத்துவக் காரணத்துக்கோ விளையாட்டுக்கோ விலக்குக் கேட்கலாம். பொறியியல் கல்லூரிக் கதை என்றால் அந்தப் பத்து சதவீத இடைவெளியில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. வில்லனாக ஒரு பேராசிரியரைத் தேடவே வேண்டாம்.

வீட்டை எங்கே வைப்பது? சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்காரர் மகனாக இருக்கட்டும், அல்லது திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் டெய்லர் மகனாக. லீவில் இவனும் கைமடிக்கு, அதாவது டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற வேலைக்குப் போவான். அணியின் ஜெர்சிக்கு டாட் நிட் துணி வாங்கித் தெரிந்த கம்பெனியில் தைத்து வாங்குவது அந்த வீட்டு வழியாகத்தான் நடக்கும். அப்பா போனில் கேட்பது ஒன்றே ஒன்று: "அந்தப் பந்து ஒதைக்கறதுக்கு ஏதாச்சும் குடுப்பாங்ளாடா?" அம்மா கேட்பது வேறு: "சோறு உண்டியா கண்ணு?" இந்த இரண்டு கேள்விக்கும் இவன் சொல்லும் பொய்கள் மாறிக்கொண்டே வந்தால் மூன்று வருடம் தானாக நகரும்.

தன்மையில் சொல்வதா, படர்க்கையிலா? இடது பேக் என்றால் தன்மை. சூரியன் கண்ணில் அடித்தது அவன் ஒருவனுக்கு மட்டுமே தெரிந்த உண்மை. படர்க்கையில் அதைச் சொன்னால் எழுத்தாளர் அவனுக்கு வக்காலத்து வாங்குவதுபோல் ஆகிவிடும். கொங்குப் பேச்சை உரையாடலில் தாராளமாக விடலாம், விவரிப்பில் ஆங்காங்கே போதும். 'ங்க' போடும் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். மார்க்கர் தன்னைவிட இளையவனுக்கும் 'ங்க' போடுவார், சார் கோபத்தில் 'டா' போட்டாலும் ஆட்டம் முடிந்தபின் "வாங்க தம்பி, டீ சாப்புடுங்க" என்பார். இது புரியாமல் எல்லோர் வாயிலும் 'ங்க' ஒட்டினால் சினிமா கோயம்புத்தூர் ஆகிவிடும்.

ஆட்டத்தை எவ்வளவு எழுதுவது? இருநூறு பக்கத்தில் முப்பதைத் தாண்ட வேண்டாம். விசிலிலிருந்து விசில் வரை சொன்னால் அது செய்தி. ஓர் ஆட்டத்துக்கு மூன்று இடம் போதும், அதில் ஒன்று பந்து இல்லாத இடமாக இருக்கட்டும். தப்புகள் பெரும்பாலும் சின்ன இடத்தில்தான் வருகின்றன: நேராக த்ரோவிலிருந்து பந்து வாங்கினால் ஆஃப்சைடு கிடையாது, த்ரோ யார் மேலும் படாமல் கோலுக்குள் போனால் கோல் கிடையாது, த்ரோ எடுப்பவனிடமிருந்து எதிராளி 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கல்லூரிப் போட்டியில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வைத்தால் பாதிக்கு 30, 35 நிமிடமாகக் குறைப்பது உண்டு. அப்படி வைத்தால் 61வது நிமிடக் கோலை முன்னுக்குத் தள்ளிவிடுங்கள், சூரியனின் உயரத்தையும் அதற்குத் தக்கபடி மாற்றிவிடுங்கள்.

இடது பேக் வேப்பமரத்தடிக்கு வந்து சேரும்போது அவன் இடத்தில் இறங்கினவன் கிழக்குக் கோட்டில் முதல் த்ரோவுக்கு நிற்கிறான். முதல் பாதியில் பார்த்ததை நம்பி, பாக்ஸைக் குறிவைத்துக் கையைப் பின்னால் இழுக்கிறான். காற்று இன்னும் மேற்கிலிருந்துதான். "கிட்டப் போட்றா" என்று இவன் பெஞ்சிலிருந்து கத்துகிறான். இந்த முறை குரல் போய்ச் சேர்கிறது.